கல்விக்காகக் கடல் கடக்கும் இளைஞனே!

(மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

வெளிநாட்டுக் கல்வி பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய ஒரு மவ்லவிக்கு இந்தத் தலைப்பில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் ஆலிம்களைச் சுற்றி நின்று இன்று என்ன கேட்கிறார்கள் தெரியுமா? “ஹஜ்ரத், பாங்கில் கடன் வாங்கி லண்டனுக்குப் படிக்கப் போகலாமா?” “அங்கே மதுபானம் விற்கும் கடையில் பில் போடும் வேலை கிடைக்கிறது, பார்க்கலாமா?” “ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வைக்கிறார்களே, என்ன செய்வது?” இவை மார்க்கக் கேள்விகள். அதே நேரத்தில் ஒரு குடும்பத்தின் வீடும் நகையும் மானமும் அடங்கிய கேள்விகள். இவற்றுக்கு ஆலிம்களும் பதில் சொல்ல வேண்டும், ஜமாஅத்தும் பதில் சொல்ல வேண்டும்.

சபர் நமக்குப் புதிதல்ல

சகோதரர்களே! கடல் கடப்பது நம் சமுதாயத்திற்குப் புதிய சங்கதியல்ல. கீழக்கரையும் காயல்பட்டினமும் நாகூரும் அதிராம்பட்டினமும் கொழும்பையும் ரங்கூனையும் பினாங்கையும் பக்கத்து ஊர்களாக நினைத்து வாழ்ந்தவை. “சபராளி” என்ற சொல்லே நம் வீடுகளில் பிறந்த சொல். 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. நம் இளைஞர்கள் பாலைவனத்தில் வியர்வை சிந்தினார்கள். இங்கே ஓட்டு வீடு மாடி வீடானது, தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது, பள்ளிவாசல் மினாராக்கள் உயர்ந்தன.

இப்போது அந்தச் சபராளியின் மகன் புறப்படுகிறான். வாப்பா தொழிலாளியாகப் போனார். மகன் மாணவனாகப் போகிறான். அல்ஹம்துலில்லாஹ்! இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். துபாய்க்குப் போனவர் போன மாதத்திலிருந்தே சம்பாதித்தார், பணம் அங்கிருந்து இங்கே வந்தது. மாணவன் போனால் பணம் இங்கிருந்து அங்கே போகிறது. ஒரு மாதமல்ல, வருடக்கணக்கில் போகிறது. திரும்பி வருமா என்பது அவன் எடுத்த படிப்பையும், சேர்ந்த கல்லூரியையும், அந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. நாமோ அந்தக் காலத்து விசா முறையையே இன்னும் வைத்திருக்கிறோம்: தெரிந்த ஏஜெண்டு, கையில் கொஞ்சம் பணம், “போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற தைரியம். வேலைக்குப் போனவருக்கு அது சில நேரம் பலித்தது. படிக்கப் போகிறவனுக்குப் பலிக்காது.

முன்னோர்கள் எதற்காகப் பயணம் போனார்கள்?

சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடச் சொன்ன ஒரு செய்தியை நம் மேடைகளில் நபிமொழி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை ஆதாரப்பூர்வமானதாக ஏற்கவில்லை. அது நமக்குத் தேவையுமில்லை. அல்லாஹ்வின் வேதத்திலேயே கல்விப் பயணத்திற்கு ஆதாரம் இருக்கும்போது பலவீனமான செய்தியைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

சூரத்துல் கஹ்ஃபை வெள்ளிதோறும் ஓதுகிறோமே! மூஸா (அலை) அவர்கள் யார்? அல்லாஹ்வோடு பேசிய நபி. அவர்களே தம்மிடம் இல்லாத ஓர் அறிவு இன்னோர் அடியாரிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் புறப்பட்டார்கள். களைப்பு வந்தது, பசி வந்தது. இலக்கை அடையாமல் நிற்க மாட்டேன் என்ற உறுதியோடு நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தாம் ஒரு நபி என்ற பெருமையைக் காட்டினார்களா? பின்தொடர்ந்து கற்றுக்கொள்ள அனுமதி கேட்டார்கள்! மாணவனுக்கு வேண்டிய இரண்டு குணங்களும் அந்தச் சம்பவத்தில் இருக்கின்றன. ஒன்று உறுதி, இன்னொன்று பணிவு.

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைத் தேடிப் போனார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்தவர்கள். எந்தக் காஸா? இன்று பல்கலைக்கழகங்களும் பள்ளிக்கூடங்களும் குண்டு வீசி இடிக்கப்பட்டுக் கிடக்கும் அதே காஸா! தந்தையை இழந்த, வசதியில்லாத ஒரு தாயின் பிள்ளை. அந்தத் தாய் மகனை மக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். மகன் மதீனா போய் இமாம் மாலிக்கிடம் ஓதினார், இராக் போய் இமாம் அபூஹனீஃபாவின் மாணவரிடம் பாடம் கேட்டார், எகிப்து போய் ஹிஜ்ரி 204-இல் அங்கேயே மறைந்தார். அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றித்தான் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் தொழுகை நடக்கிறது. ஓர் ஏழைத் தாய் எடுத்த முடிவின் பலன் எத்தனை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது பாருங்கள்!

இன்னொரு வசனத்தையும் நினைவூட்டுகிறேன். சூரத்துத் தவ்பாவின் 122-வது வசனம். எல்லோரும் ஒரேயடியாகக் கிளம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்தாரிலிருந்தும் சிலர் போய் விளக்கம் பெற்று, தம் மக்களிடம் திரும்பி வந்து எச்சரிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. போவது, கற்பது, தம் மக்களுக்குப் பயன்படுவது என்று மூன்று அதில் சொல்லப்படுகின்றன. நாம் முதலாவதற்கு மட்டும் விருந்து வைத்து விமான நிலையம் வரை போய் வழியனுப்புகிறோம். மற்ற இரண்டையும் கேட்பாரில்லை.

கிடைக்கும் நன்மைகள்

இளைஞர்களே! நான் உங்களைப் பயமுறுத்த வரவில்லை. போகத் தகுதியுள்ளவன் போக வேண்டும் என்றே சொல்கிறேன்.

நம் நிலை என்ன? 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, இந்திய முஸ்லிம்களில் 20 வயது கடந்தவர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று எடுத்துச் சொன்னது. அந்தக் குழியிலிருந்து ஏறி வரும் சமுதாயத்திற்கு உலகத்தின் நல்ல பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஓர் ஏணி.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் ஒரு வருடச் செலவுக்கென 11,904 யூரோ, அதாவது நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல், தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது கட்டணமல்ல, மாதம் 992 யூரோ வீதம் மாணவன் கைக்கே திரும்பி வரும் செலவுப் பணம். எத்தனை குடும்பத்துக்கு இது தெரியும்?

ஜெர்மனியின் டாட், பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், ஜப்பான் அரசின் உதவித்தொகை, துருக்கி அரசின் உதவித்தொகை என்று திறமைக்குக் கதவு திறக்கும் இடங்கள் பல உண்டு. ஜித்தாவில் உள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே 1983 முதல் உதவித்தொகைத் திட்டம் நடத்தி வருகிறது. 1961-இல் தொடங்கப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் படிப்பும் தங்குமிடமும் இலவசம், மாத உதவித்தொகையும் உண்டு. மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983-இல் தொடங்கப்பட்டது. ஷரீஅத்தையும் பொறியியலையும் பொருளாதாரத்தையும் ஒரே வளாகத்தில் படிக்கலாம். மதரஸா மாணவர்களே! நீங்கள் ஓதும்போதே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதி முடித்துவிடுங்கள். அந்த இரண்டு சான்றிதழ் இல்லாமல் எத்தனையோ திறமைசாலி ஆலிம்களுக்குப் பல்கலைக்கழக வாசல் மூடியே கிடக்கிறது.

படிப்புக்கு அப்பாலும் நன்மை உண்டு. இங்கே தெருவுக்குத் தெரு அமைப்பு, அமைப்புக்கு அமைப்பு சண்டை என்று பார்த்துப் பழகிய இளைஞன், அங்கே நைஜீரியாக்காரனோடும் இந்தோனேசியாக்காரனோடும் போஸ்னியாக்காரனோடும் ஒரே ஸஃப்பில் நிற்கிறான். விரலை அசைப்பவனும் அசைக்காதவனும் ஒன்றாய் நின்று தொழுகிறார்கள், ஒன்றாய் அமர்ந்து நோன்பு திறக்கிறார்கள். உம்மத் என்ற சொல்லுக்கு அப்போதுதான் அவனுக்கு அர்த்தம் புரிகிறது. உம்மா கையால் சாப்பிட்டே பழகியவன் தானே சமைக்கிறான், துணி துவைக்கிறான், கழிவறை கழுவுகிறான். எந்த வேலையும் இழிவல்ல என்று கற்றுக்கொள்கிறான். இதுவும் கல்விதான்.

சரக்கைப் பார்க்காமல் அட்வான்ஸா?

வணிகப் பெருமக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சூரத்திலிருந்து பத்து லட்சத்துக்குத் துணி வாங்குகிறீர்கள். சரக்கைப் பார்க்காமல், பார்ட்டியைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அதே நீங்கள் மகன் படிப்பு என்றால் முப்பது லட்சத்தை, ஒரே ஒரு முறை பார்த்த ஏஜெண்டிடம், ரசீதுகூட இல்லாமல் கொடுக்கிறீர்களே, ஏன்?

2022 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மூன்று தனியார் கல்லூரிகள் திடீரென்று மூடப்பட்டன. ஏறத்தாழ 2,000 இந்திய மாணவர்கள் கட்டிய பணத்தோடு நடுத்தெருவில் நின்றார்கள். 2023-இல் அதே கனடாவில், ஏஜெண்டு கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரியவந்து, படித்து முடித்து வேலையில் இருந்த பல இந்திய மாணவர்கள்கூட நாடு கடத்தப்படும் அபாயத்திற்கு ஆளானார்கள், பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏமாற்றியவன் இங்கே, தண்டனை பிள்ளைக்கு அங்கே!

நாடுகளும் கதவை இறுக்கிக்கொண்டே வருகின்றன. கனடா 2024-இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை நீண்ட காலமாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. நம் பணத்தில் ஏறத்தாழ 14 லட்சம், கல்விக் கட்டணம் இதில் சேராது. ஆஸ்திரேலியா விசா கட்டணத்தை 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600-ஆகவும், 2025 ஜூலையில் 2,000-ஆகவும் உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. பிரிட்டனில் படிப்பு முடித்தபின் வேலை தேட இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்ததை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைத்து அறிவித்துவிட்டார்கள்.

“பகுதி நேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம்” என்பது ஏஜெண்டுகள் சொல்லும் மிகப் பெரிய பொய். பிரிட்டனில் பட்டப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை. கனடாவில் 2024 நவம்பர் முதல் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்திற்கு 48 மணி நேரம். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டினாலே பெரிது. வரம்பை மீறிக் கள்ளத்தனமாக வேலை பார்த்தால் விசா போய்விடும். விசா வாங்கும்போது நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறோமே, அது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையை நிறைவேற்றுவது முஸ்லிமின் கடமை.

எனவே முதலில் அந்தந்த அரசாங்கமே வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கல்லூரியின் கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரிக்கே எழுதி உறுதி செய்யுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். இவ்வளவும் செய்ய ஒரு வாரம் போதும்.

டாக்டர் கனவு

இங்கே தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் கோடியைத் தொடுகிறது. அதனால் ரஷ்யா, கிர்கிஸ்தான், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். குற்றம் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதிமுறை வெளியிட்டது. நீட் தேறியிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதி அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். திரும்பி வந்து தேர்வில் தேற வேண்டும், அதன் பிறகு இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆறு வருடமும் வீண். அந்தத் தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு, 150 எடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. 2023 ஜூனில் எழுதியவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே தேறினார்கள். 2025 ஜூனில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதவர்கள் டாக்டர் என்று போர்டு போட முடியாமல், வேறு வேலைக்கும் போக மனமில்லாமல், கோச்சிங் வகுப்புகளில் வயதைக் கழிக்கிறார்கள். வாப்பா கடனைக் கழிக்கிறார்.

பாதுகாப்பையும் யோசியுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான நம் நாட்டு மாணவர்கள் பனியில் நடந்து எல்லை கடந்தார்கள். கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார். 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளுக்குள் கும்பல் புகுந்து தாக்கியது. அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு! தாக்கப்பட்டவர்களில் பாகிஸ்தான் மாணவர்களும் இருந்தார்கள். முஸ்லிம் நாடு என்ற ஒரே காரணத்திற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.

வட்டி என்ற நெருப்பு

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர்ப் பிரகடனம் செய்திருப்பதைச் சூரத்துல் பகராவில் ஓதுகிறோம். வேறெந்தப் பாவத்துக்கும் இப்படி ஓர் எச்சரிக்கையைக் குர்ஆனில் நாம் காண்பது அரிது. அதில் நான் சமரசம் செய்துகொள்ள வரவில்லை.

உலகக் கணக்கையும் பாருங்கள். 20 லட்சம் கடன், நூற்றுக்கு 11 வீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்திற்கு 2 லட்சத்து 20 ஆயிரம். படிக்கும் இரண்டு வருடம், வேலை தேடும் ஒரு வருடம் என்று மூன்று வருடத்தில் தனி வட்டியே 6 லட்சத்து 60 ஆயிரம். பையன் முதல் சம்பளம் வாங்குவதற்குள் கடன் 26 லட்சத்து 60 ஆயிரமாகி நிற்கிறது. வேலை கிடைக்காவிட்டால்? வீட்டுப் பத்திரம் பாங்கில் இருக்கிறது. வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

சிறுபான்மை மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க வாங்கும் கடனுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் ‘படோ பர்தேஷ்’ என்றொரு திட்டம் இருந்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்ட மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் அதே நேரத்தில் நிறுத்தினார்கள். வட்டி கூடாது என்று நாம் சொல்வது வேறு விஷயம். ஏழைப் பிள்ளைக்கு அரசு நீட்டிய கையை மடக்கிக்கொண்டது வேறு விஷயம். இதை எதிர்த்து ஜனநாயக வழியில் குரல் கொடுப்பது நம் உரிமை. அந்தத் திட்டங்களை மீண்டும் கொண்டு வாருங்கள், வட்டியில்லா உதவித்தொகையாகவே கொண்டு வாருங்கள் என்று கேட்போம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. இப்போது நடைமுறையில் என்ன உதவி இருக்கிறது என்று வருடந்தோறும் போய்க் கேட்டு எழுதி வந்து பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

சகோதரர்களே! திறமையுள்ள ஏழைப் பையன் நம்மிடம் வந்து கேட்கிறான். “வட்டி ஹராம் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பதில் சரிதான். ஆனால் ஹராம் என்று சொல்லும் நாவுக்கு, ஹலாலான வழியைக் காட்டும் பொறுப்பு இல்லையா? கல்யாண மண்டபத்தில் ஒரு வேளை பிரியாணிக்கு ஐந்து லட்சம் செலவழிக்கும் சமுதாயம், ஒரு மாணவனுக்கு அழகிய கடன் கொடுக்க முடியாது என்று சொன்னால் மறுமையில் அதற்குக் கணக்கு இல்லையா?

தீனோடு போ, தீனோடு வா!

இளைஞனே! அங்கே உன்னைக் கண்காணிக்க வாப்பா இல்லை, முஅத்தின் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அல்லாஹ் இருக்கிறான்.

டிசம்பர் மாதம் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஜூனில் இஷா நள்ளிரவை ஒட்டி வரும். எனவே சேர்ந்த முதல் வாரமே வளாகத்தில் தொழும் இடம் எங்கே என்று விசாரித்துக்கொள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர் சங்கம் இருக்கிறது. ஜும்ஆவுக்கு நேரம் வேண்டுமென்று துறைத் தலைவரிடம் மரியாதையாக எழுதிக் கேள், பல இடங்களில் தருகிறார்கள். கேட்காமலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சபரில் இருக்கிறேன் என்று இரண்டு வருடமும் கஸ்ராகவே தொழுதுகொண்டிருக்காதே. தங்கும் நாள் கணக்கு மத்ஹபுகளில் இருக்கிறது, உன் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு போ.

மதுவோடு தொடர்புடைய பத்து வகையினர் சபிக்கப்பட்டிருக்கிறார்கள். குடிப்பவன் மட்டுமல்ல, சுமப்பவனும் விற்பவனும் அதில் அடக்கம். வேலைக்குச் சேருமுன் அங்கே என்ன விற்கிறார்கள் என்று கேள். நூலகம், கிடங்கு, முதியோர் பராமரிப்பு என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

தனிமை பெரிய நோய். குளிர், இருட்டு, பேச ஆளில்லை, கடன் நினைவு. மனம் உடைந்து போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரே! போன் பேசும்போது “எப்ப பணம் அனுப்புவே?” என்பதை முதல் கேள்வியாக ஆக்காதீர்கள். “சாப்பிட்டியா, தொழுதியா, தூங்குறியா?” என்று கேளுங்கள். தம்பி, மனம் தாங்காவிட்டால் மறைக்காதே. பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகர் இருப்பார், போய்ப் பேசு. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி.

அந்த நாட்டுச் சட்டத்தையும் காலநிலையையும் அறிந்து நட. 2025-இல் அமெரிக்காவில் பாலஸ்தீன மக்களுக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டு மாணவர்கள் பலரின் விசா பறிக்கப்பட்டது. சிலர் சிறை வைக்கப்பட்டார்கள். அதே வருடம் ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளை அதிகாரிகள் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். கருத்துரிமையின் காவலர் என்று மார்தட்டும் நாட்டின் லட்சணம் இது! அநியாயத்தை அநியாயம் என்று மனதில் வெறுக்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தினனாகப் போகும் இடத்தில் எதை, எங்கே, எப்படிச் சொல்வது என்ற ஹிக்மத் வேண்டும். யாரோ அனுப்பியதைப் படிக்காமலே பத்துக் குழுவுக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கல்வி அவர்களுக்கும் கடமை. பயணத்தில் துணை, தங்குமிடத்தில் பாதுகாப்பு இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். “கணவனோடு போய்ப் படிக்கட்டும்” என்று திருமணம் பேசுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துப்போக முடியாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கும், அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும் மட்டுமே அனுமதி. விசாரிக்காமல் நிக்காஹ் முடித்துவிட்டுப் பிறகு ஆளுக்கொரு நாட்டில் தவிக்க வேண்டாம்.

ஜமாஅத்துகளே, இதைச் செய்யுங்கள்!

முடிவாக, செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஓர் ஊரில் இருநூறு கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு மாதம் 500 ரூபாய். ஒரு நாளைக்கு 17 ரூபாய்கூட ஆகாது, ஒரு டீயின் விலை. மாதம் ஒரு லட்சம், வருடம் 12 லட்சம். வருடத்திற்கு மூன்று மாணவர்களுக்குத் தலா 4 லட்சம் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். முழுச் செலவுக்கும் இது போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் குடும்பத்தின் பங்கும் உதவித்தொகையும் சேர்ந்தால், பாங்கு வாசலை மிதிக்காமல் போக இந்தப் பணமே வழி செய்யும். ஐந்து வருடத்தில் பதினைந்து மாணவர்கள். அதற்குள் முதலில் போனவன் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவான். அவன் கட்டும் பணத்தில் பதினாறாவது மாணவன் போவான்.

கடன் என்றால் எழுத வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். எழுத்தர், சாட்சி எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. முத்தவல்லியின் மருமகன், தலைவரின் அண்ணன் மகன் என்று பார்க்காமல், மதிப்பெண்ணும் தேவையும் பார்த்துக் கொடுங்கள். வருடக் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நிதி ஆறு மாதம்கூட நிற்காது.

வசதியில்லாத மாணவனுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்றால், தேவையுள்ள ஏழை என்ற முறையில் கொடுக்கலாம் என்று உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிம்களோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் படித்து முடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கட்டும். யார் எந்த நாட்டில் என்ன படித்தார், எவ்வளவு செலவானது, எங்கே ஏமாற்றப்பட்டார் என்ற விவரம் அதில் இருக்கட்டும். புதிதாகப் போகிறவன் ஏஜெண்டைப் பார்க்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

கடனில் போகும் மாணவனே, உனக்கும் ஒரு வார்த்தை. ஷஹீதுக்கே எல்லாப் பாவமும் மன்னிக்கப்பட்டாலும் கடன் நிற்கிறது என்பது நபிமொழியின் கருத்து. உன் வாப்பாவின் நண்பர்கள் கல்லாவிலிருந்து எடுத்துத் தந்த பணம் அது. திருப்பிக் கொடு. முடிந்தால் ஊருக்கே திரும்பி வா. வர முடியாவிட்டால், வருடம் ஒரு மாதம் வந்து உன் தெருப் பிள்ளைகளுக்கு நீ கற்றதைச் சொல்லிக் கொடு. அதுவும் முடியாவிட்டால், அங்கிருந்தபடியே ஒரு மாணவனுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடு. தவ்பா 122-இல் சொல்லப்பட்ட திரும்புதல் உன் மீது பாக்கி நிற்கிறது, மறந்துவிடாதே!

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடு. வட்டியின் நெருப்பிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாற்று. பிரயாணத்தில் இருப்பவர்களின் ஈமானையும் உயிரையும் பாதுகாத்து, தாய் தந்தையரிடம் நல்லபடியாகச் சேர்த்து வை. ஆமீன்!

வஸ்ஸலாம்.